கருத்தபாண்டி ஏறாத படி

"ஏளா தங்கம்! இது நாய்க்குப் போட்ட சோறா, இல்ல காக்காய்க்கு வச்ச சோறா?"

சுப்பம்மாவின் குரல் காலையில் கிளம்பிவிட்டால், மாம்பலம் ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயில்கூட ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகரும். ஆனால் அன்றைக்கு அந்தக் குரலில் வழக்கமான கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று புரண்டது. அது என்னவென்று மருமகள் தங்கத்துக்குப் பிடிபடவில்லை.

"எடை கூடிப் போச்சுன்னுதான் அத்தை கொஞ்சம் குறைச்சேன்..."

"எடையா? பட்டினி போட்டுக் கொல்லச் சொல்லி உனக்குச் சொன்னது யாருளா? எங்க வீட்டுக்கு லட்சுமியக் கூட்டிட்டு வந்தவன் அவன்! அவன் வயித்துல அடிக்கியே, நீ நல்லா இருப்பியா?"

தங்கம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் அழுதால் சத்தம் வராது. குழம்பில் உப்பு மட்டும் கொஞ்சம் கூடும்.

இந்தச் சண்டையெல்லாம் யாருக்காக நடந்ததோ அவன் கூடத்தில் படுத்திருந்தான். கருத்தபாண்டி. லாப்ரடார் ஜாதி. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் ஒருமுறை, "இன்னாம்மா, தி. நகர்ல எருமைக்கன்னு வளக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அது எழுந்து வாலை ஆட்டியதும் சிலிண்டரைப் போட்டது போட்டபடி ஓடினானாம். வயது நாலுதான். எடையோ, நாலு பேர் சேர்ந்து தூக்கினால் ஐந்தாவது ஆளைத் தேட வைக்கும்.

ரங்கநாதன் தெருவில் சுப்பம்மாவின் பாத்திரக் கடையைத் தெரியாதவர் கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து, புருஷன் போன பிறகும் தனி ஆளாக நின்று, எவர்சில்வர் டம்ளரில் ஆரம்பித்து மூன்று மாடிக் கடையாக்கிய மனுஷி. கருத்தபாண்டி குட்டியாக வந்த நாளில் கடைக்குள் துள்ளி ஏறி ஓடினானாம். அன்றைக்கு நடந்த வியாபாரத்தில் கல்லாப்பெட்டி மூட முடியாமல், மேலே ஆளை உட்கார வைத்து அமுக்கினார்கள் என்பது குடும்ப வரலாறு. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஷட்டரைத் தூக்கும் முன் கருத்தபாண்டிதான் முதலில் படியேற வேண்டும். மேல்படியில் சுப்பம்மா தன் கையால் ஒரு பால்கோவா உருண்டை கொடுப்பாள். உருண்டை என்றால் சின்னப் பிள்ளையின் தலை அளவு. அதன் பிறகுதான் விளக்கு, கற்பூரம், யாவாரம் எல்லாம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஏறவில்லை.

முதல் படியில் முன்காலை வைத்தான். நின்றான். மேலே பார்த்தான். அப்புறம் காலை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிவிட்டான். கடை ஆட்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே இரண்டாவது மாடியில் ஒரு குக்கர் அடுக்கு தானாகச் சரிந்தது. பூஜை விளக்கு காற்றே இல்லாமல் அணைந்தது. சுப்பம்மாவின் மகள் சிந்து மாமியார் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். இந்த மூன்றில் எது பெரிய அபசகுனம் என்று கடை ஆட்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

"எம்மா, நாய்க்கு முன்கூட்டியே தெரியுமாம்," என்றாள் சிந்து. "அடையார்ல புதுக் கடை திறக்கப் போற நேரத்துல, இவன் படிய விட்டு இறங்குதான்னா... எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. யாரு கைபட்டு இப்படி ஆச்சோ!"

சொல்லிவிட்டு அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். சுப்பம்மா மட்டும் நாயின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் தங்கத்தை இன்னும் பயமுறுத்தியது.

காரணம் தங்கத்துக்குத் தெரியும். அவன் படியேறாத மறுநாளே அவள் அவனைத் திருவான்மியூரில் கால்நடை மருத்துவர் ஹம்சினியிடம் அழைத்துப் போயிருந்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் ஹம்சினி.

"இடுப்பு மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கும்மா. பெரிய ஜாதி நாய்ங்களுக்குச் சின்ன வயசுலயே வரும். வெயிட் குறையணும், அதுதான் முதல் மருந்து. படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது. வழுக்குற தரையில நடக்க விடாதீங்க. தினமும் கொஞ்ச தூரம், மெதுவா நடக்கட்டும். மாத்திரை நான் குடுக்குறது மட்டும்தான். இப்பவே கவனிச்சா நல்லா இருப்பான். விட்டா, ரெண்டு வருஷத்துல எழுந்திரிக்கவே மாட்டான்."

அன்று மாலையே கணவன் சிதம்பரநாதனிடம் சொன்னாள். அவன் முகம் வெளிறியது. நாய்க்காக அல்ல.

"ஏட்டி, இத அம்மாட்ட சொல்லிராத. நாய்க்கு முடம்னு தெரிஞ்சா, அடையார்க் கடையே வேண்டாம்னு நிறுத்திப்புடுவா. திறப்பு முடியட்டும், நானே சொல்லுதேன். என் மேல சத்தியம் பண்ணு."

"அதுவரைக்கும் எல்லாரும் என்னைத்தானே பேசுவாங்க..."

"ரெண்டு நாள் பேசட்டும். நீ பொறுமைசாலிதானே."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு பட்டத்தைத்தான் அவன் அவளுக்கு வாரி வாரி வழங்கியிருக்கிறான். சத்தியம் செய்தாள்.

அதன் பிறகு அவள் பட்ட பாடு! கண்ணாடி போலப் பளபளக்கும் மார்பிள் கூடம் முழுக்கத் தேங்காய் நார் மிதியடிகளை வாங்கிப் பரப்பினாள். ராஜாங்கமாக இருந்த வீடு லாரி ஷெட் மாதிரி ஆகிவிட்டது. அவனுடைய சோற்றைக் குறைத்து, வெந்த காரட்டும் பூசணியும் சேர்த்தாள். விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் எழும் முன்னே அவனைத் தெருவில் மெல்ல நடத்திக் கூட்டி வந்தாள். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் மடியில் தலையை வைப்பான். அந்தத் தலையின் பாரத்தில் தங்கத்துக்குத் தொடை மரத்துப் போகும்.

"மைனி, வீட்டுக்கு வர்றவங்க கேக்காங்க, இது வீடா இல்ல கயிறு மண்டியான்னு!" என்று அண்ணியிடம் சொல்வாள் சிந்து. "நாயையும் எலும்பாக்கியாச்சு, வீட்டையும் எலும்பாக்கியாச்சு. அடுத்தது யாரு?"

கருத்தபாண்டியை எலும்பு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். சிந்துவுக்கு அது இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அந்த அதிசயம் நடந்தது. கருத்தபாண்டி ஓடினான்! மிதியடிகளைத் தாண்டி, கூடத்தைக் கடந்து, மாடிப்படியில் பாதி வரை ஏறி வாலை விசிறினான். வீடே கொண்டாடியது. சிதம்பரநாதன் கைதட்டினான். சிந்து திருஷ்டி சுற்றிப் போட்டாள். சுப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லல? அவன் ஏறுவான்!" என்றாள்.

தங்கம் மட்டும் கைதட்டவில்லை. தேய்ந்த மூட்டு ஒரே வாரத்தில் எப்படித் துள்ளும்? அவள் மருந்து எதையும் மாற்றவில்லையே! அதோடு போகப் போக அவன் சோறு சரியாகத் தின்னவில்லை. தண்ணீராகக் குடித்தான். வெளிக்குப் போனதும் கறுப்பாக இருந்தது. திறப்புக்கு முந்தின நாள் ஹம்சினிக்குப் போன் செய்தாள். "உடனே அழைச்சிட்டு வாங்க," என்றார் ஹம்சினி.

"நாளைக்கு விடிஞ்சா திறப்பு! இப்ப டாக்டர் வீட்டுக்கா?" என்று சீறினான் சிதம்பரநாதன். "நல்லா ஓடுத நாயி. நீதான் ஓடவிட மாட்டேங்குத!"

அன்று அவள் தூங்கவில்லை.

விடிந்தது. அடையாறில் புதுக் கடையின் வாசலில் மாவிலைத் தோரணம், வாழை மரம், நாதஸ்வரம். ரங்கநாதன் தெருவிலிருந்து குத்துவிளக்குகளைத் தன் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்த உபைத் ஓரமாக நின்றிருந்தான். கறுப்பு கிரானைட் படிகள், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. அவற்றைப் பார்த்ததுமே வழுக்குகிற தரையைப் பற்றி ஹம்சினி சொன்னது தங்கத்துக்கு ஞாபகம் வந்தது. படிக்குக் கீழே தெருவையே அடைத்துக்கொண்டு பெரிய கோலம். சொந்தம், பந்தம், வாடிக்கையாளர்கள், பாதி அடையாறு என்று கூட்டம். மேல்படியில் சுப்பம்மா பட்டுப் புடவையில், கையில் பால்கோவாத் தட்டோடு நின்றாள்.

"நல்ல நேரம் போவுது. கூட்டிட்டு வாலே சிதம்பரம்!"

சிதம்பரநாதன் சங்கிலியைப் பிடித்து இழுத்து வந்தான். கருத்தபாண்டியின் கண்கள் மங்கிக் கிடந்தன. மூக்கு காய்ந்திருந்தது. தங்கம் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"இவன் ஏற வேண்டாம் அத்தை."

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

"என்ன சொன்ன?"

"ஏற வேண்டாம். அவனுக்கு முடியல. நீங்க என்னை என்ன வேணா பேசிக்கோங்க..."

"எம்மா, பாத்தியா!" சிந்து பாய்ந்தாள். "நல்ல காரியத்துல குறுக்க நிக்காவ! இத்தன பேரு முன்னால!"

"தள்ளுளா," என்றாள் சுப்பம்மா. குரல் மிகத் தாழ்ந்து வந்தது. அந்தக் குரல் சத்தம் போட்டாலே தேவலை என்று தோன்றியது எல்லோருக்கும்.

சிதம்பரநாதன் மனைவியின் தோளைப் பிடித்து ஒதுக்கினான். கருத்தபாண்டி முதல் படியில் காலை வைத்தான். வழுக்கியது. மறுபடி வைத்தான். அவன் உடம்பு முழுவதும் ஒருமுறை குலுங்கியது. பிறகு அப்படியே சரிந்து, அந்த வெள்ளைக் கோலத்தின் நட்டநடுவில் வாந்தி எடுத்தான். காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியது போல, கறுப்பாக.

கூட்டம் பின்வாங்கியது. யாரோ "சிவசிவா" என்றார்கள். சுப்பம்மா கையிலிருந்த பால்கோவாத் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"விஷம்!" என்று கூவினாள் சிந்து. "மைனிதான் என்னமோ குடுத்திருக்காவ! அதான் ஏற வேண்டாம்னு நின்னாவ! இவுகளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு!"

தங்கம் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்தாள். எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம்! நாலு பேரால் ஆகாத பாரத்தைத் தனியாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட்டாள். பட்டுப் புடவை முழுக்கக் கறுப்பு.

"விளக்கேத்துத நேரத்துல வாசல விட்டுப் போறவ, திரும்ப இந்தக் குடும்பத்து வாசல மிதிக்க வேண்டாம்!" என்றாள் சுப்பம்மா. சொல்லும்போது அவள் மருமகளைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்தாள்.

"சரிங்க அத்தை," என்றாள் தங்கம். உபைத் ஓடி வந்து மறுபக்கம் தாங்கிக்கொண்டான்.

"ஏறு யக்கா, ஏறு! யாப்பா, இன்னா வெய்ட்டு கீது! நீ தலையப் புட்ச்சுக்கோ. எல்.பி. ரோட்டுல வண்டிங்கோ நின்னுக்கினு இருந்தாலும் நான் பூந்து போய்க்கினே இருப்பேன்!"

போய்க்கொண்டேதான் இருந்தான். ஒரு மாநகரப் பேருந்து அவனுக்கு வழிவிட்டதைத் தங்கம் தன் கண்ணால் பார்த்தாள். சென்னையில் இனி எந்த அற்புதத்தையும் நம்பலாம். ஆனால் மடியிலிருந்த தலை அசையவில்லை. "பாண்டி... ஏ பாண்டி... என்னைப் பாருடா..." என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள்.

ஹம்சினி அவனுடைய உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. ஊசி ஏற்றி, டிரிப்ஸ் மாட்டி, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுத் தங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"மனுஷங்க சாப்பிடுற வலி மாத்திரை குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! நீங்க குடுத்தது மட்டும்தான்!"

"வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசியுது. நமக்குக் கேக்குற மாத்திரை இவங்களுக்கு விஷம். வயித்தைக் கிழிக்கும், கிட்னியை அடிக்கும். வலி தெரியாம ரெண்டு நாள் ஓடியிருப்பானே?"

ஓடினானே! துள்ளினானே!

"உங்க வீட்ல யாருக்கு மூட்டு வலி?"

"யாருக்கும் இல்லையே..."

கணவனுக்குப் போன் செய்து கேட்டாள். அவன் கடை வாசலிலேயே நின்றிருந்தான். விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. "மூட்டு வலி மாத்திரையா? நம்ம வீட்டுல யாரு திங்கா?" என்று அவன் உரக்கக் கேட்டது தங்கத்தின் காதில் விழுந்தது. பிறகு பின்னால் ஒரு தட்டு கீழே விழும் சத்தம். போன் அணைந்துவிட்டது.

தங்கம் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இனி எங்கே போவது? பிறந்த வீட்டில் அண்ணன் தலையெடுத்த பிறகு அவரவர் பாட்டை அவரவர் பார்க்கிறார்கள். இந்த ஜீவன் பிழைக்காவிட்டால் அவள் பெயருக்குக் கொலைகாரி என்ற பட்டமும் சேரும். பொறுமைசாலியைவிட அது நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

வாசலில் கார் வந்து நின்றது. சுப்பம்மா இறங்கினாள்.

மருத்துவமனை படியருகே வந்து நின்றாள். கைப்பிடியைப் பற்றினாள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மற்றக் காலை இழுத்து அதே படிக்குக் கொண்டுவந்தாள். நின்றாள். வாய் திறந்து மூச்சு வாங்கியது. தலையைத் தூக்கி அடுத்த படியைப் பார்த்தாள். மலையைப் பார்ப்பது போல.

அந்தப் பார்வையைத் தங்கம் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை, ரங்கநாதன் தெருவில்.

"அத்தை!" என்று பதறி எழுந்தாள்.

சுப்பம்மா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து, மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்தாள்.

"இதுதாம்மா. பாதி பாதியாக் குடுத்தேன். பால்கோவாக்குள்ள வச்சு."

பின்னாலேயே ஓடி வந்த சிதம்பரநாதன் கதவிலேயே நின்றுவிட்டான்.

"எனக்கு முட்டி போயி வருஷக்கணக்காச்சு. யார்ட்ட சொல்லுவேன்? முதலாளியம்மா நொண்டுதான்னு தெருவே பேசவா? மாடிக்குப் போகணும்னா எல்லாரும் தூங்குன பெறவு உக்காந்து உக்காந்து ஏறுவேன்... அன்னைக்கு அவன் படியப் பாத்துட்டு நின்னான் பாரு, எல்லாரும் அபசகுனம்னாவ. எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு வலிக்க மாதிரி அவனுக்கும் வலிக்கு! எனக்குக் கேக்குத மாத்திரை, அவனுக்குக் கேக்காதான்னு..." குரல் உடைந்தது. "ஓடுனானே அம்மா! நல்லா ஓடுனானே!"

"உங்களுக்கே இதைச் சும்மா கடையில வாங்கிச் சாப்பிடக் கூடாதும்மா. இவன் மூட்டு தேஞ்சிருக்குன்னு போன மாசமே பாத்து உங்க மருமககிட்ட சொன்னேனே," என்றார் ஹம்சினி. கோபப்பட நினைத்துத் தோற்றுப்போன குரல்.

சுப்பம்மா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கறுப்பா வாந்தி எடுத்தப்பவே என் வயிறு சொல்லிச்சு, இது என் வேலைதான்னு. எனக்கும் ஒருக்க அப்படித்தான் எடுத்துச்சு. ஆனா பழி உன் தலையில விழுந்துச்சு பாரு... நான் விழட்டும்னு விட்டுட்டேன். உன்ன வெரட்டுனேன். பாவி நான்! ஏன்ளா... இவன் காலு கேடுன்னு உனக்கு முன்னாலயே தெரியுமாமே, டாக்டர் பாத்தாவளாமே. ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? சொல்லியிருந்தா இந்தக் கையால இதக் குடுப்பேனா?"

தங்கத்துக்குக் கணவனிடம் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அவள் தலை குனிந்து நின்றாள்.

"அவ சொல்லமாட்டாம்மா." சிதம்பரநாதனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நான்தான்... கடை திறப்பு நின்னுரும்னு... சத்தியம் வாங்கிட்டேன். சோத்தக் கொறச்சது, மிதியடி போட்டது, எல்லாம் டாக்டர் சொல்லித்தான். காலைல அவ குறுக்க நின்னதும்..."

"அடப்பாவி!"

சுப்பம்மா கையை ஓங்கிக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். முட்டி மடங்கியது. விழுந்திருப்பாள். தங்கம் தாவி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே சுப்பம்மா உடைந்து, மருமகளின் கறைபட்ட தோளில் முகத்தைப் புதைத்து, திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி அழுதாள்.

"அத்தை... போதும் அத்தை... அவன் பயந்துருவான்..."

"நீ கெட்டவள்னு ஊரு சொல்லும்போது வாயத் தெறக்காம நின்னியே, உனக்கு என்ன பைத்தியமா?"

"தெரியல அத்தை." தங்கமும் அழுதாள். இந்த முறை சத்தம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுப்பம்மா மூக்கைச் சிந்திவிட்டு மகனைப் பார்த்தாள்.

"இன்னும் என்னலே நிக்க? போயி ஷட்டரத் தூக்கு. நாயி காலுலயா நாம யாவாரம் பண்ணுதோம்? உன் தங்கச்சிட்ட சொல்லு, மைனியப் பத்தி அவ இனி ஒரு வார்த்த பேசுனா, பெட்டிய நானே கட்டித் தருவேன்னு."

அவன் மனைவியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான்.

"அப்புறம் பேசிக்கலாம்," என்றாள் தங்கம். அதில் கோபமில்லை. ஆனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியாது என்று அவனுக்குப் புரிந்தது. போய்விட்டான்.

சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிட்னி தப்பித்திருந்தது. சில நாள் டிரிப்ஸில் இருக்க வேண்டும் என்றார் ஹம்சினி. மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆனால் தங்கம் செய்துவந்ததையே தொடர்ந்தால் வயதான நாயாக ஆகும் வரை நடப்பான் என்றும் சொன்னார். கருத்தபாண்டி கண்ணைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான். இரண்டு பெண்களும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூண்டுப் பூனை எரிச்சலோடு திரும்பிப் படுத்துக்கொண்டது.

"கிளம்புவோமா?" என்றாள் சுப்பம்மா.

"நீங்க போங்க அத்தை. நான் இங்கயே இருக்கேன்." தங்கம் தரையைப் பார்த்தாள். "வாசல மிதிக்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க. எத்தனை பேரு கேட்டாங்க."

சுப்பம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொன்னேன்தான். அத்தன பேரையும் கூப்பிட்டு வச்சு, நான் சொன்னது தப்புன்னும் சொல்லுவேன். நீ வராட்டா நானும் இங்கதான். அந்தப் பூனைக்குப் பக்கத்துக் கூண்டு காலியாத்தான் கெடக்கு."

தங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தில் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது.

வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. படியின் விளிம்பில் சுப்பம்மா நின்றாள். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். யாரும் பார்க்கிறார்களா என்று தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து உபைத் பார்த்துக்கொண்டிருந்தான், பூக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்காதவர்கள் ஒருவருமில்லை.

"கையக் குடு தாயி," என்றாள் உரக்க. "எனக்குக் காலு முடியல."

தங்கம் கையைக் கொடுத்தாள்.